மூடி இல்லாதது காணப்பட்டது

செக்ரெட்டரி இருந்தார். சென்னையிலிருந்து காரில் வந்தவர், மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். மேனேஜர் இருந்தார், அவருக்கு வலது பக்கம், மடியில் ஒரு ஃபைல். ஆபீஸ் பொண்ணு இருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள், பி.காம். படித்தவள், கம்ப்யூட்டர் முன்னால். வெள்ளைச் சேலை அம்மா இருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று இன்னும் எனக்குத் தெரியாது. எட்டு வருஷமாக மூன்றாம் நம்பர் ரூமில் இருக்கிறார். தங்குகிறவர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பிளம்பர் இருந்தார், கதவோரம், நின்றபடி. கடைசியாக நான். விசாரணை என் மேல் என்பதால் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினாலு வருஷத்தில் அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் வைத்ததும் நான். ஆறு டம்ளர். குற்றவாளியே தண்ணீர் வைப்பது எங்கள் இடத்தில் தப்பில்லை. வேறு ஆள் கிடையாது. செக்ரெட்டரி தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சீல் உடைக்காத பாட்டில். பார்த்தேன். டேங்க் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பத்து நாள் முன்னால் சென்னையிலிருந்து எழுதியவரும் அவர்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை வருவதற்கு முன்னால் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். பதினெட்டு ரூம். கார்த்திகையிலிருந்து மாசி வரை வெளிநாட்டுக்காரர்கள், மற்ற மாசங்களில் சென்னை, பெங்களூர் ஆட்கள். சமையல்கட்டும் தண்ணீரும் என் பொறுப்பு. மோட்டார் போடுவது, நிறுத்துவது, ஃபில்டர் மெஷினைக் கழுவுவது, வராந்தா பானைகளை நிரப்புவது. வீடு அடி அண்ணாமலையில். நடந்து வருவேன், நடந்து போவேன். வீட்டுக்காரருக்கு அரை ஏக்கர் கொல்லை, மல்லாட்டை போடுகிறார், நிலக்கடலை. மழை பெய்தால் காய் உண்டு. பெய்யாவிட்டால் செடி உண்டு. மாசா மாசம் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான்.

எங்கள் கெஸ்ட் ஹவுசில் பேச்சு தமிழ், எழுத்து இங்லீஷ். டிரஸ்டில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். அவர்களுக்காக. நான் ஏழாவது வரை. இங்லீஷில் என் பேரை எழுதுவேன். அது போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேங்கிக்காலில் ஏதோ ஒரு ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன். யாரையும் திட்ட மாட்டார். ஆனால் அவர் வாயில் 'நான்' வராது. காபி குடிச்சாச்சு என்பார். சொல்லியாச்சு என்பார். எழுதியாச்சு, அனுப்பியாச்சு என்பார். யார் குடித்தது, யார் சொன்னது என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார். ஒரு நாள் ஸ்கூட்டரோடு விழுந்து முழங்கை சிராய்த்து வந்தார். "என்ன சார்?" என்றேன். "வண்டி விழுந்துடுச்சும்மா" என்றார். வண்டி விழுந்திருக்கிறது. இவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார் போல.

ஒரே ஒரு தடவை அவர் 'நான்' சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிரஸ்ட் ஆட்கள் வந்து, முன்னால் இருக்கும் செம்பருத்தியெல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். "நான் வெச்சதுங்க சார்" என்றார். குழி தோண்டினது வேறு ஆள்.

விஷயம் மொட்டை மாடி டேங்க். கருப்பு பிளாஸ்டிக் டேங்க். அதன் மூடி உடைந்துபோய் ஐந்து மாசம் இருக்கும். உடைத்தது குரங்கு. மலையை ஒட்டின இடம், குரங்குக்குக் குறைச்சல் இல்லை. மூடி போன பிறகு வெயில் நேரத்தில் குடும்பமாக வந்து இறங்கிக் குளிக்க ஆரம்பித்தன. குட்டிகளை முதுகில் போட்டுக்கொண்டு, படித்துறையில் இறங்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக.

நான் மேனேஜரிடம் சொன்னேன். "சார், மேல டேங்க்ல மூடி இல்ல. குரங்கு குளிக்குது."

"அப்படியா? பார்த்துக்கலாம்மா."

ஒரு வாரம் போச்சு. மறுபடியும் சொன்னேன். "சொல்லியாச்சும்மா" என்றார்.

நான் ஒரு தகரத்தை வைத்து மேலே கல் வைத்தேன். கல்லை உருட்டிவிட்டுத் தகரத்தைக் கீழே போட்டன. கம்பி வைத்துக் கட்டினேன். அதைப் பிரிக்க அவற்றுக்கு ஒரு மத்தியானம் ஆச்சு. பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தொறக்கத் தெரியுது, மூடத் தெரியல. நம்ம ஊர் ஆபீசருங்க மாதிரி" என்றார். புது மூடி வாங்க மேனேஜர் சொல்ல வேண்டும். மேனேஜர் சொல்லச் சென்னை சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவை வராந்தாவில் வைத்துச் சொன்னேன். வெள்ளைச் சேலை அம்மா அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "சார், இன்னைக்கு ஒரு குட்டி உள்ளயே ஒண்ணுக்குப் போச்சு. நானே பார்த்தேன். அந்தத் தண்ணிதான் மெஷினுக்கு வருது" என்றேன். மேனேஜர் கண்ணை மூடித் திறந்தார். "எழுதியாச்சும்மா. அனுப்பியாச்சு."

என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு.

பதினைந்து நாள் கழித்து சென்னையிலிருந்து பேப்பர் வந்தது. மூடி வரும் என்று நினைத்தேன். மெமோ வந்தது. என் பேருக்கு.

எங்கள் இடத்தில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு மெமோ வாங்கினால் வேலை கிடையாது. எனக்கு முன்னால் சமையல்கட்டில் இருந்தவர் அப்படித்தான் போனார். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. போன வருஷம் ஒரு விருந்தாளியின் நீலத் துண்டு கொடியிலிருந்து காணாமல் போனது. அந்த மெமோவில், துண்டு ஊழியரால் தவறவிடப்பட்டதாக நம்பப்படுகிறது என்று இருந்ததாம். யார் நம்புகிறார் என்று இல்லை. கோயிலா குளமா, ஆள் பேர் இல்லாமல் நம்புவதற்கு? அப்போது மேனேஜர், "வாங்கிக்கிட்டதுக்குத்தாம்மா கையெழுத்து, ஒத்துக்கிட்டதுக்கு இல்ல" என்றார். போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, போட்டால் இரண்டும் ஒன்றுதான்.

இந்த இரண்டாவது மெமோவை ஆபீஸ் பொண்ணு படித்துச் சொன்னாள். சமையல்கட்டு வாசலில் நின்று, தாழ்ந்த குரலில்.

"அக்கா, இட் இஸ் ரிப்போர்ட்டட்னு ஆரம்பிக்குது. மேல்நிலைத் தொட்டி திறந்து கிடப்பதாகவும், அதில் குரங்குகள் காணப்படுவதாகவும் தெரிவிக்கப்பட்டுள்ளது."

"யாரு தெரிவிச்சாங்க?"

"அது போடலக்கா."

"பின்னாடி பக்கம் பாரு."

"பின்னாடி ஒண்ணும் இல்லக்கா. இங்லீஷ்ல இப்படித்தான். இட்னு ஆரம்பிச்சாங்கன்னா ஆளு வராது."

"இட்னா யாரு?"

"யாரும் இல்லக்கா. அது. சும்மா ஒரு அது."

"ஆளே இல்லாம எப்படி மாடி ஏறிப் பார்த்தது?"

அவள் சிரித்தாள். அப்புறம் அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. தண்ணீருக்குப் பொறுப்பான ஊழியர் கவனக்குறைவாக இருந்ததாகக் கருதப்படுகிறது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் கோரப்படுகிறது. தண்ணீர் நன்றாக இருப்பதாக அறியப்படுகிறது, ஆகவே விருந்தாளிகள் அச்சப்படத் தேவையில்லை.

அறியப்படுகிறது. சென்னையில் உட்கார்ந்து அறிந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் மல்லாட்டைக் கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு போட்டுக் குடுத்தது?"

"தெரியல. அதுன்னு போட்டிருக்கு."

"பேசாம மன்னிப்புக் கேட்டுடு. வேலை முக்கியம்."

"யாருகிட்ட கேக்கறது?"

ஒரு காயை உடைத்துப் பார்த்தார். "அதுகிட்டத்தான்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே ஜோக். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. இந்த வருஷம் காய் பாதி பொக்கு.

எங்கள் ஊரில் ஒருத்தர் மாடு இன்னொருத்தர் கொல்லையில் மேய்ந்துவிட்டால் பஞ்சாயத்து வரும். வந்ததும் முதல் கேள்வி, யாரு பார்த்தது. பார்த்தவன் எழுந்து நிற்க வேண்டும். எந்த நேரம், எந்த வரப்பு, மாட்டுக்கு என்ன நிறம் எல்லாம் சொல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துத்தான் மாட்டுக்காரன் பதில் சொல்லுவான். எழுந்து நிற்க ஆள் இல்லையென்றால் மாடு மேயவில்லை. அத்தனை பேரும் துண்டை உதறிக்கொண்டு போக வேண்டியதுதான். படிக்காத ஜனங்கள் செய்வது.

ஆகவே நான் கையெழுத்துப் போடவில்லை.

"யாரு சொன்னதுன்னு சொல்லுங்க சார். அவங்க முன்னாடி நின்னு சொல்லட்டும். அப்புறம் போடறேன்."

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். "அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. மேலிடத்துல கருதியாச்சு."

"மேலிடத்துல யாரு சார்?"

"கருதப்பட்டிருக்குது."

இப்படி நாலு நாள். அவர் மெமோவை நீட்டுவார், நான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவேன். கடைசியில் அவர் மறுபடியும் சென்னைக்கு எழுதினார். ஊழியர் ஒத்துழைக்க மறுப்பதாகத் தெரிய வருகிறது என்று. தெரிய வருகிறதாம். தினமும் காலையில் அவர் மேசைக்கு டீ வைக்கிறது யார் என்று நினைத்தாரோ.

செக்ரெட்டரி நேரில் வருவதாகப் பதில் வந்தது. முதலில் பௌர்ணமி அன்று என்று தேதி போட்டார்கள். அன்றைக்குப் பாதையில் கார் விட மாட்டார்கள் என்று யாரோ நினைவுபடுத்தியிருக்கிறார்கள். நினைவுபடுத்தப்பட்டது. அதனால் மறுநாளைக்கு மாறியது. பௌர்ணமிக்கு மறுநாள் என்பது குரங்குக்கும் ஒரு விதத்தில் வேலை நாள். முதல் நாள் முழுக்கப் பாதையில் ஜனங்கள் வாழைப்பழமாக அள்ளிக் கொடுப்பார்கள். குரங்குகள் ரோட்டிலேயே கிடக்கும். மறுநாள் பழம் நின்றுபோகும். எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும்.

விசாரணைக்கு வருகிறேன்.

செக்ரெட்டரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெமோவைப் படித்தார். தமிழ்க்காரர்தான். ஆனால் பேப்பரைப் பார்த்தால் இங்லீஷ், என்னைப் பார்த்தால் தமிழ்.

"ஏம்மா, இதுக்கு என்ன சொல்றீங்க?"

"யாரு சொன்னதுன்னு சொல்லுங்க சார். சொல்றேன்."

"அது சொல்ல முடியாதும்மா. புகார் குடுத்தவங்களுக்குப் பாதுகாப்பு இருக்கு. அவங்க பேரை வெளியிட்டா, நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது தொந்தரவு வரலாம்."

"என்னாலயா சார்?"

"உங்களாலன்னு சொல்லல. பொதுவா."

"நான் தொந்தரவு குடுக்க மாட்டேன் சார். முகத்தை மட்டும் பார்த்துக்கறேன்."

மேனேஜர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது. பிளம்பர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"நீங்க மூடியைச் சரியா மூடலைன்னு கருதப்படுது" என்றார் செக்ரெட்டரி.

"மூடியே இல்லையே சார்."

"இல்லைன்னா, ஏன் தெரியப்படுத்தல?"

அப்போதுதான் வெள்ளைச் சேலை அம்மா வாய் திறந்தார். இங்லீஷும் அவர் பாஷை இல்லையாம், தமிழும் இல்லை. எட்டு வருஷத்தில் தமிழில் ஒரு ஐம்பது வார்த்தை வைத்திருக்கிறார். எல்லோரையும் நீ என்பார், செக்ரெட்டரி உட்பட.

"நீ தப்பு" என்றார் செக்ரெட்டரியிடம். "இவ சொன்னா. நான் அங்க. நான் கேட்டேன். குரங்கு, தண்ணி, ஒண்ணுக்கு. மேனேஜர் சொன்னான், எழுதியாச்சு."

ஐம்பது வார்த்தையில் 'நான்' இரண்டு தடவை வந்துவிட்டது. முப்பது வருஷ சர்வீஸில் மேனேஜருக்கு அத்தனை வரவில்லை.

செக்ரெட்டரி மேனேஜரிடம் திரும்பினார். "நீங்க அனுப்பின லெட்டர் எங்க?"

மேனேஜர் தேடினார். ஃபைலில் அது மேலேயே இருந்தது, ஆனால் அவர் அடியிலிருந்து தேடினார். ஆபீஸ் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சார், நான்தான் டைப் பண்ணேன். இங்கயே இருக்குது. படிக்கட்டுமா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் படித்தாள். மூடி இல்லாததால் தொட்டியில் குரங்குகள் காணப்படுவதாகத் தெரிவிக்கப்படுகிறது. தேவையான நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. அவ்வளவுதான். தேதி, நான் வராந்தாவில் சொன்னதற்கு மறுநாள்.

"இதை வெச்சுத்தான் சார் நீங்க மெமோ அனுப்பினது" என்றாள். "அந்த ரிப்போர்ட்டட்தான் இந்த ரிப்போர்ட்டட்."

செக்ரெட்டரி கண்ணாடியைக் கழற்றினார். "யாரு ரிப்போர்ட் பண்ணது?"

"கேள்விப்பட்டதுங்க சார்" என்றார் மேனேஜர்.

"யாருகிட்ட?"

"சொல்லப்பட்டதுங்க."

"யாரு சொன்னாங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பல் பிடுங்கும்போது அப்படி இருக்கும். "இந்தம்மாதான் சொன்னாங்க" என்றார்.

ஆக, அது நான்தான். நான் சொன்னது மேனேஜரிடம் போய் என் பேர் உதிர்ந்து, சென்னைக்குப் போய் மூடியும் உதிர்ந்து, குற்றமாகி எனக்கே திரும்பி வந்திருக்கிறது. என்னிடமிருந்து என்னைப் பாதுகாத்திருக்கிறார்கள்.

"அப்போ உங்க மேல நீங்களே புகார் குடுத்திருக்கீங்க" என்றார் செக்ரெட்டரி. சிரிப்பு வரவழைக்கப் பார்த்தார்.

"மூடி மேல குடுத்தேன் சார்."

பிளம்பர் இருமினார். அது இருமல் இல்லை.

"சரி, ஒரு தடவை நேர்ல பார்த்துடலாம்" என்று செக்ரெட்டரி எழுந்தார். எல்லோரும் மாடி ஏறினோம். மேனேஜர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கடைசியில் வந்தார். எங்களைப் பார்த்ததும் குரங்குகள் டேங்கிலிருந்து ஈரத்தோடு ஏறிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. ஓடவில்லை. ஒரு பெரிய ஆண் குரங்கு செக்ரெட்டரியின் சட்டைப் பையையே பார்த்தது. அவர் பையிலிருந்த கண்ணாடியை உள்ளே தள்ளிப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

பிளம்பர் ஏணி போட்டு ஏறி எட்டிப் பார்த்தார். "அடியில ஏதோ கெடக்குதுங்க." நீளக் கம்பியை விட்டுத் துழாவினார். ஒரு சீப்பு வந்தது. பாதி தேங்காய் மூடி வந்தது. அப்புறம் கனமாக, கம்பியில் சுற்றிக்கொண்டு, ஒரு துணி. முதலில் கருப்பு என்றுதான் நினைத்தோம். பிளம்பர் பிழிந்து தரையில் விரித்தார்.

நீலத் துண்டு.

ஆபீஸ் பொண்ணுதான், "அக்கா, இது அந்த முதல் மெமோ" என்றாள். கிடக்கிற துணியைக் காட்டி மெமோ என்கிறாள். சரியாகத்தான் சொன்னாள்.

மூடி போய் ஐந்து மாசம் என்று நினைத்திருந்தோம். துண்டு போனது போன வருஷம். அதற்கு முன்பே குரங்கு மூடியைத் திறந்து திறந்து வைத்துப் பார்த்திருக்கிறது போல. உடைத்தது பிறகு. ஒரு வருஷமாக அந்தத் துண்டில் ஊறிய தண்ணீரைக் குடித்திருக்கிறோம். வெள்ளைச் சேலை அம்மா கணக்குப் போட்டார். விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார், அப்புறம் நிறுத்திவிட்டார். மேனேஜர் சுவரோரம் போய் நின்றார். அவர் காலையில் இரண்டு டம்ளர் குடிப்பவர். வெறும் வயிற்றில். உடம்புக்கு நல்லது என்று.

கீழே வந்தோம். செக்ரெட்டரி பாட்டிலின் சீலை உடைத்துக் குடித்தார். மற்ற டம்ளர்கள் அப்படியே இருந்தன.

மினிட்ஸ் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல ஆபீஸ் பொண்ணு அடித்தாள். எனக்காக அவளே தமிழில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். தொட்டி ஆய்வு செய்யப்பட்டது. மூடி இல்லாதது காணப்பட்டது.

"இல்லாததை எப்படி சார் காணறது?" என்றேன்.

"அது அப்படித்தாம்மா எழுதணும்."

சில பொருட்கள் மீட்கப்பட்டன. அவை அங்கே இருந்தது எதிர்பாராதது என்று உணரப்பட்டது. இரண்டாவது மெமோ வழங்கப்படாததாகக் கருதப்படலாம் என்று முடிவு செய்யப்பட்டது.

ஆபீஸ் பொண்ணு எடுத்துக் கொடுத்த அந்த மெமோவின் நகல் என் கையில்தான் இருந்தது. நாலாக மடித்து. பார்த்தேன். வழங்கப்படாத பேப்பர். இருந்தாலும் வேலை போகவில்லை. அது புரிந்தது. முதுகு கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. நாற்காலியில் அப்போதுதான் சாய்ந்தேன்.

"மொத மெமோ சார்? துண்டு மேல கெடைச்சிடுச்சே."

"அது பரிசீலிக்கப்படும்மா."

"யாரு பரிசீலிப்பாங்க?"

செக்ரெட்டரி வாயைத் திறந்தார். வெள்ளைச் சேலை அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ" என்றார் அவரிடம். விரலையும் நீட்டினார்.

அவர் சிரித்துவிட்டார். முதல் தடவையாக மனுஷன் மாதிரி. "சரிம்மா. நான் கேன்சல் பண்றேன்" என்றார். ஆபீஸ் பொண்ணு அதை அப்படியே அடித்துவிட்டாள், 'ஐ கேன்சல்' என்று. மேனேஜர் பதறி, "அதை மாத்தும்மா, மினிட்ஸ்ல அப்படி வராது" என்றார். அவள் மாற்றுவதற்குள் செக்ரெட்டரி பிரிண்ட் கேட்டார். அவருக்கு இருட்டுவதற்குள் செங்கல்பட்டைத் தாண்ட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அந்தப் பேப்பரில் அந்த ஒரு வரி மட்டும் மற்ற வரிகளோடு சேராமல் நிற்கிறது. அதன் நகல் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு அடியில்.

மேனேஜர் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்பீர்கள். தகவல் தொடர்பில் இடைவெளி இருந்ததாக உணரப்பட்டது. இடைவெளிக்கு மெமோ கொடுக்க முடியாது.

மூடி? ஏற்பாடு செய்யப்பட்டு வருகிறது.

டேங்கைக் கழுவினோம். நானும் பிளம்பரும். மேனேஜர் கீழே நின்று, "நல்லா தேய்க்கச் சொல்லியாச்சு" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "டாக்டர் சொல்லியிருக்காருங்கம்மா." பரவாயில்லை, யார் சொன்னது என்று ஆளோடு சொல்லப் பழகிவிட்டார்.

போகும்போது செக்ரெட்டரி ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போனார். இனிமேல் புகார் வாயால் சொல்லக் கூடாது. ஒரு நோட்டு வைக்க வேண்டும். பார்த்தவரே எழுத வேண்டும், தெரிந்த பாஷையில். அந்த நோட்டு மூன்று நாள் கழித்து வந்தது. மேனேஜர் அட்டை போட்டு, கோடு போட்டு, முதல் பக்கத்தில் தேதி, விவரம், கையெழுத்து என்று தலைப்பு எழுதிவைத்திருந்தார். அழகான எழுத்து. அதைக் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து மாடிக்குப் போனேன். தகரம் கீழே கிடந்தது. கல் ஒரு மூலையில். ஏணியில் கொஞ்ச நேரம் நின்று எண்ணினேன். தலைகள் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போனதால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.

கீழே வந்து ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். பேனாவும் கொடுத்தார். "பார்க்கப்பட்டதுன்னு போடும்மா" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நான் நின்றபடியே எழுதினேன். எனக்கு எழுத நேரம் ஆகும். நான் பார்த்தேன். டேங்கில் குரங்கு. கீழே கையெழுத்துப் போட்டேன், தமிழில். அப்புறம்தான் எண்ணிக்கை விட்டுப்போனது தெரிந்தது. பக்கத்தில் இடம் இருந்தது, அதில் போட்டேன்.

ஒன்பது.